களியக்காவிளையிலிருந்து பின்னால் வந்த சைக்கிள்

வாசகசாலைப் பலகையில் இதைப் பார்க்கும் நண்பர்களே, எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கிறது, மன்னிக்கவும். எழுதக் கற்றது இந்த வருடம்தான். அதோடு இன்று முழுக்க சைக்கிள் பிடித்த கை.

விடியற்காலையில் வலியசாலையிலிருந்து தனியாகக் குழித்துறைக்குக் கிளம்பினேன். சைக்கிள் மருமகனுடையது, புத்தம் புதியது.

எல்லை தாண்டிக் களியக்காவிளை வந்ததும் அடிக்கடி இறங்கி நின்று போனேன். ஒரு மீசைக்காரன் சைக்கிளில் பின்னால் வந்தான். நான் நின்றால் அவனும் நின்றான். நான் ஏறினால் அவனும் ஏறினான். சைக்கிளைப் பறிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

குழித்துறைப் பாலத்தருகே ஆட்களைக் கண்டதும் தைரியம் வந்தது.

"எதுக்குவே என் பின்னால வாறீரு?"

"நீரு எதுக்கு ஓய் கடைக்குக் கடை இறங்கி நோட்டம் பாக்கீரு? என் கடை முன்னால எம்புட்டு நேரம் நின்னீரு! ராத்திரி எந்தப் பூட்டை உடைக்கப் போறீரு?"

"ஐயோ, நான் போர்டு வாசிச்சேன்! எங்க பக்கம் எல்லாம் மலையாளம். இங்கதானே தமிழ் போர்டு இருக்கு."

"அப்போ அதை வாசியும், பாப்போம்."

எதிரே ஒரு பலகை. விரல் நீட்டி, "சு... த்... த... மா... ன... ந... ல்... லெ... ண்... ணெ... ய்" என்று கூட்டினேன். கூட்டமே மூச்சைப் பிடித்து நின்றது.

மீசைக்காரன் சிரித்துவிட்டான். "போதும் பாட்டா. இவ்வளவு மெதுவா கள்ளன் வேலை பாத்தா விடிஞ்சு போவும்."

டீ வாங்கிக் கொடுத்தான். ஒரு கையைச் சைக்கிள்மேல் வைத்துக்கொண்டே குடித்தேன்.

கடை அவனுடையது என்றால், அதை யாரிடம் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் வந்தான்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கீழே எழுதுங்கள், பெரிய எழுத்தாக. நான் வாசித்து முடிக்கவே அடுத்த வாரம் ஆகிவிடும், பதில் அப்புறம்தான்.