நான் திருத்திய கொமெண்ட்டுகள்

1. வெட்டாதையும், திருத்தும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்று மொழிக் கெட்ட வார்த்தைகளையும் வாசித்து முடித்திருந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கண்டி நகரத்தில் ஒரு கடை மாடியில் எங்கள் ஒஃபிஸ். இணையத்தளத்தில் பாட்டுப் போட்டி நடத்தினோம். பாடுகிறவர்களை ஒளிப்பதிவு செய்து ஏற்றுவோம். பார்ப்பவர்கள் எழுதும் கொமெண்ட் முதலில் என் கியூவில் வந்து நிற்கும். நான் அப்ரூவ் கொடுத்தால்தான் பக்கத்தில் தெரியும். சுருதி விலகியது, மூச்சு போதவில்லை என்றால் விடலாம். இனத்தையோ சமயத்தையோ பெற்றவர்களையோ இழுத்தால் வெட்ட வேண்டும்.

சட்டம் சுலபம். காலம்தான் சரியில்லை. வன்னியில் சண்டை முற்றியிருந்தது. கடுகண்ணாவையிலிருந்து ரயிலில் வந்து ஒஃபிஸ் படி ஏறுவதற்குள் இரண்டு தரம் அடையாள அட்டையைக் காட்டுவேன். யாராவது தமிழில் பாடினால் கியூவில் பாதி வெட்டத்தான் லாயக்கு. நானும் மளமளவென்று வெட்டினேன்.

ஒரு வாரத்தில் மனேஜர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பயந்த மனிதர். பக்கம் வெறுமையாகக் கிடந்தால் விளம்பரக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெட்டாதையும் பிள்ளை, திருத்தும். எழுதினவன் திரும்ப வந்து பாக்கப் போறானே?"

அன்றிலிருந்து திருத்தினேன். திட்டியவரின் பெயரை அப்படியே விட்டு, திட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரியாதையாக ஒரு யோசனையை எழுதுவேன். மூன்று மொழியும் எனக்குக் கைவந்தது. அந்த நாட்டிலேயே பண்பான ரசிகர்கள் எங்கள் பக்கத்தில்தான் இருந்தார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. வெட்கங்கெட்ட பெருமை.

2. ஸ்டெல்லா

ஸ்டெல்லா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாலர் பள்ளி டீச்சர். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடிப் பழகிய குரல். அவள் பாடிய தமிழ்ப் பாட்டை நாங்கள் ஏற்றிய அன்றே கியூ நாறியது.

'நுவர மல்லி' என்ற பெயரில் ஒருவர், அதாவது கண்டித் தம்பி, சிங்களத்தில் எழுதியிருந்தார்: "புலிக்குட்டி, இது எங்கள் ஊர். சிங்களத்தில் பாடு, இல்லாவிட்டால் வாயை மூடு."

நான் அதை இப்படி ஆக்கினேன்: "அருமையான குரல், தங்கச்சி. ஒரு சிங்களப் பாட்டும் பாடினால் நாங்கள் எல்லோரும் ரசிப்போம்."

வாராவாரம் அவர் திட்டினார், வாராவாரம் நான் திருத்தினேன். ஸ்டெல்லா சனிக்கிழமைகளில் பக்கத்து டவுனுக்குப் போய், ஒரு கடையில் இருந்த கொம்பியூட்டரில் அதையெல்லாம் வாசிப்பாளாம். இறுதிச் சுற்றுக்குத் தெரிவானதும் ஒஃபிசுக்குப் போன் எடுத்தாள்.

"மிஸ், மேடையில பாட எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. அப்பாவும் இந்த நேரத்துல கண்டிக்குப் போக வேணாம்னு சொன்னாரு. நான்தான் அந்த நுவர மல்லி எழுதினதெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். இப்படி ஆளுங்க இருக்கிற எடத்துல என்னப்பா பயம்னு கேட்டேன். ஒரு சிங்களப் பாட்டு பழகிட்டு இருக்கேன் மிஸ்."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு நிமிடம் போதும். வேலை போய்விடும் என்று பயந்தேன். நல்லா பழகுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

3. மண்டபம்

ஞாயிறு பின்னேரம். மண்டபம் நிறைந்திருந்தது. கியூவில் நான் வெட்டியும் திருத்தியும் வைத்திருந்த அத்தனை வாய்களும் அன்று கதிரைகளில் உட்கார்ந்திருந்தன. அங்கே அப்ரூவ் பட்டன் கிடையாது.

ஸ்டெல்லா நீலச் சேலையில் வந்தாள். மைக்கைப் பிடித்து, தன்னைத் தைரியப்படுத்திய நுவர மல்லிக்கு நன்றி என்று சிங்களத்தில் சொன்னாள். சபையைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மனிதர் எழுந்து கையாட்டுவார் என்று எதிர்பார்த்தாள் போல. பின்வரிசையில் ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் முதல் வரியைத் தொடங்கினாள், சிங்களத்தில்தான். "கொட்டியா" என்று ஒரு குரல் வந்தது. புலி என்று அர்த்தம். பிறகு பல குரல்கள், விசில், ஒரு தண்ணீர்ப் போத்தல். மனேஜர் இசையை நிறுத்தச் சொன்னார். அவள் இசை இல்லாமலே இன்னும் இரண்டு வரி பாடினாள்.

வாசலில் நின்ற பொலிஸ்காரர்கள் கூச்சல் போட்டவர்களை ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டெல்லாவைத்தான் கூட்டிப் போய், ஏன் கண்டிக்கு வந்தாய், எங்கே தங்குகிறாய் என்று இருட்டும்வரை விசாரித்தார்கள். நான் மேடைக்குப் பின்னால் நின்றேன். கூடப் போகவில்லை.

4. கடைசிக் கொமெண்ட்

அதற்குப் பிறகு அவள் கோயில் பாட்டுக் குழுவிலும் நிற்பதில்லை என்று அவள் தோட்டத்து ஆட்கள் மூலம் கேள்விப்பட்டேன்.

இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு மொடரேட்டர் என்று பெரிய பெயர் இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். திட்டை வெட்டுங்கள். வெட்டினோம் என்று பாடியவரிடம் சொல்லுங்கள். வெறுக்கிறவன் வாயில் உங்கள் அன்பை வைத்து எழுதாதீர்கள். அதை நம்பி ஒருத்தி வீட்டை விட்டுப் புறப்பட்டு வருவாள்.

இந்தப் பாடத்தைப் படிக்க எனக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. வேலை கூடப் போகவில்லை. எல்லாச் செலவும் அவளுடையது.

மண்டபத்து நிகழ்ச்சி முடிந்த அடுத்த சனிக்கிழமை கியூவில் ஒரு கொமெண்ட் நின்றது.

"நுவர மல்லி அண்ணாவுக்கு, நீங்க சொன்ன மாதிரி சிங்களப் பாட்டுதான் பாடினேன். எந்த எடத்துல பிழை விட்டேன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிறேன். ஸ்டெல்லா."

நான் அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க என் கியூவுக்கு வந்ததிலேயே பண்பான கொமெண்ட் அதுதான். திருத்த அதில் ஒரு எழுத்தும் இல்லை. அதை வெட்டினேன்.