ஆனி போட்டோ எடுக்காத ரூம்

என் பேத்தி ஆனி வக்கீலுக்குப் படிக்கிறாள். இன்னும் வக்கீல் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் கல்லியில், இந்தச் சந்தில், ஒருத்தருக்கும் அந்த வித்தியாசம் புரிவதில்லை. அவள் காலேஜில் சேர்ந்த மறுவாரமே தண்ணி மீட்டர் தகராறிலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டை வரைக்கும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

பம்பாய் தாராவியில் பிறந்த பிள்ளை. தகப்பன் ஏசுதாஸ், என் மகன், டெம்போ ஓட்டுகிறான். தாய் இல்லை. நான்தான் வளர்த்தேன். வாயை மூடவே மாட்டாள். ரேஷன் கடைக்காரன், டிக்கெட் பரிசோதகர், சர்ச்சில் சபை ஐயர், யாராக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். என்னையே உரித்து வைத்திருக்கிறாள் என்று ஏசுதாஸ் சொல்லுவான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

படிப்பு முடிவதற்குள் ஏதாவது வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து வேலை பழக வேண்டுமாம். இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். சம்பளம் கிடையாது, சில இடத்தில் டீயும் கிடையாது. அதற்கே ஹைகோர்ட் இருக்கிற கோட்டைப் பக்கம் அத்தனை படி ஏறி இறங்கினாள். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அப்பா வக்கீல், மாமா வக்கீல். இவளிடம் எங்கே போனாலும் முதல் கேள்வி, யார் அனுப்பினது என்பதுதான். நானாத்தான் வந்தேன் என்றால், மெயில் போடு என்பார்கள். பதில் வராது. ஓர் இடத்தில் வீடு எங்கே என்று கேட்டு, தாராவி என்றதும் அந்த அம்மா, "ஓ, கிரேட்" என்றாளாம். அங்கேயிருந்தும் ஒன்றும் வரவில்லை.

கடைசியில் மாட்டுங்காவில் வைத்தீஸ்வரன் சார் சேர்த்துக்கொண்டார். வீடு, வாடகைக் கேஸ்தான் அவருக்கு அதிகம்.

"ஹிந்தி, மராத்தி பேசுவியா?"

"சண்டை போடுற அளவுக்கு வரும் சார்."

சிரித்துவிட்டாராம். ஒழுங்காக வேலை செய்தால், பரீட்சை முடிந்ததும் ஜூனியராகவே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆளைத் தெரியாமல், பேரைச் சொல்லாமல் ஒரு பிள்ளைக்கு அப்படிக் கிடைப்பது லேசில்லை. நான் கல்லி முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஒருநாள் சார் அவளைக் கூப்பிட்டு, "தாராவியில ஒரு ரூம். வாடகைக்காரர் பேர் ஜெயினுலாப்தீன். அவர் செத்தாச்சு, வேற யாரோ உள்ளே தொழில் நடத்துறாங்க, காலி பண்ண வைக்கணும்னு நம்ம கட்சிக்காரர், ஓனர், சொல்றார். நீ அந்தப் பக்கம்தானே, வெளியில நின்னு போட்டோ எடுத்துட்டு வா. எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லாதே" என்றிருக்கிறார். கேஸ் வெளியே வந்த பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் நம்பரை வைத்து யாரும் வீடு தேடுவதில்லை. பேக்கரிக்குப் பின்னால், டேங்குக்கு எதிரே என்றுதான் சொல்லுவோம். பேப்பரில் இருக்கிற பேரும் செத்தவர் பேராகவே கிடக்கும். மாற்றப் போனால் ஆயிரம் கேள்வி. எங்கள் ரூமே இன்னும் என் மாமனார் பேரில்தான் இருக்கிறது. அதனால் ஆனி, பிறந்து வளர்ந்த இடத்தில், கையில் நம்பரை வைத்துக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து பார்த்துப் பார்த்து வந்தவள், எங்கள் கல்லிக்குள்ளேயே திரும்பி நூர் நிஷா வாசலில் வந்து நின்றாள்.

நூரு எங்களுக்குக் கூப்பிடு தூரம். மெஷின் போட்டு, பெண்களை வைத்து ஸ்கூல் பை தைக்கிறாள். ஆனியின் தாய் போனபிறகு பாதி நாள் சோறு போட்டவள் அவள்தான். ஜெயினுலாப்தீன் அவளுடைய மாமனார். ஆனிக்கு அவர் பாய் தாத்தா, அவ்வளவுதான். பேர் தெரியாது.

நான் அப்போது குழாயடியில் இருந்தேன். ஆனி போனைக் கையில் பிடித்தபடி நிற்பது தெரிந்தது. நூரு வெளியே வந்தாள்.

"என்னட்டி, வக்கீலம்மா வெயில்ல நிக்கா? போட்டோ எடுக்கியா? இரு, நல்ல துப்பட்டா போட்டுட்டு வாரேன்."

ஆனி போனைப் பைக்குள் போட்டாள். நூரு கையைப் பிடித்து உள்ளே இழுத்து டீயும் மொறுமொறு காரி பிஸ்கட்டும் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தவள் தட்டில் கை வைக்கவில்லை.

"சாரு ஏசுனாரா?"

"இல்ல. ஆபீஸ் விஷயம். சொல்லக் கூடாது ஆச்சி."

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டதான் முதல்ல கூடாது. உனக்குத் தெரிஞ்சா மாஹிம் வரைக்கும் தெரியும்."

நான் விடவில்லை. "நூரு ரூமு சங்கதியாட்டி?" என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுவே போதும்.

"நான் போய் அவகிட்டச் சொல்லுதேன்."

"நீ சொன்னாலும் நான் சொன்ன மாதிரிதான். பொறவு எவன் என்னை நம்பி ஒரு பேப்பரைக் கொடுப்பான்?"

"பேப்பர் பெருசா, சோறு போட்டவ பெருசா?"

"தெரியல ஆச்சி. அதான் தின்ன முடியல."

மறுநாள் சாரிடம் போய், அது என் கல்லி, அவங்க எனக்குச் சாச்சி, சின்னம்மா மாதிரி, இந்த ஃபைலில் நான் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. "சொன்னது சரி. போட்டோ எடுக்காம வந்ததும் சரி. ஆனா இனி உன்னை இங்க வச்சுக்க முடியாது. அந்தப் பக்கம் எதையாவது முன்னாலேயே தெரிஞ்சுகிட்டா, என் கட்சிக்காரர் என்னைத்தான் கேட்பார்" என்றார். பாதியில் நின்றதால் சர்ட்டிபிகேட் இல்லை. ஜூனியர் பேச்சும் போயிற்று. கெட்ட மனுஷனாக இருந்தால் நான்கு வசவு வைதுவிட்டு ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

நான் நூருவிடம் சொல்லவில்லை. எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது.

பிறகு ஒருநாள் கோர்ட் ஆள் ரூமைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வந்தார். அவர் காட்டிய பேப்பரில் வைத்தீஸ்வரன் பேரைப் பார்த்ததும் நூருவின் புருஷன் முகம்மது ஹனீப் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சாயந்தரம் நூரு எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீ அன்னிக்கு டீ குடிக்கவா வந்தே, ரூம் பாக்கவா?"

"ரூம் பாக்க, சாச்சி."

"எங்க ரூமுன்னு தெரியுமா?"

"வாசல்ல வந்து நின்ன பொறவுதான் தெரிஞ்சுது."

"பொறவும் உள்ள வந்து குடிச்சே."

நான்தான் குறுக்கே போனேன். "அவ வேலையே போச்சு உன்னால."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊருக்குப் போன் பண்ணி மாமா வச்சிருந்த வாடகை ரசீதை வரவழைச்சிருப்பேன், ஆச்சி. ஆள் வந்து கேக்கையில எங்க கையில ஒண்ணுமில்ல."

அவள் போனபிறகு ஆனியிடம் கேட்டேன். "பரீட்சை முடிச்சு நீயே அவளுக்காக நில்லேன்."

"முடியாது ஆச்சி. ஃபைலைப் பாத்தாச்சு. இந்தக் கேஸ்ல எந்தக் காலத்துலயும் நிக்க முடியாது." பிறகு அவளே சொன்னாள். "கோர்ட்டுல பொம்பளைங்களுக்கு இலவசமா வக்கீல் கொடுப்பாங்க. அது ஊருக்கே தெரிஞ்ச சட்டம், ரகசியமில்ல. அதை வேணா சாச்சிகிட்டச் சொல்லு."

போய்ச் சொன்னேன். நூரு மெஷினை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டாள்.

ஆனி மறுபடி ஆபீஸ் ஆபீஸாக ஏறுகிறாள். முன்பு, யார் அனுப்பினது என்று கேட்டார்கள். இப்போது, முந்தின இடத்தில் ஏன் பாதியில் நின்றாய் என்றும் கேட்கிறார்கள். அதையும் அவள் சொல்லக் கூடாதாம். சும்மா நிற்கிறாளாம், என் பிள்ளை, வாயை மூடிக்கொண்டு.

கேஸ் கூப்பிட்ட அன்று நூருவோடு நானும் கிளம்பினேன். நீங்க எதுக்கு ஆச்சி, என்றான் ஹனீப். நான் காதில் வாங்கவில்லை. இலவச வக்கீல் ஒரு சின்னப் பெண், ஆனி வயதுதான் இருக்கும், பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் நூரு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நடுவில் பையை வைத்தாள். நான் எழுந்திருக்கவில்லை.