செவ்வாய்க்கிழமை வாங்கிய மீன்

ஒரு மனிதனுக்குத் தூக்குத் தண்டனை கிடைக்க என் நாட்குறிப்பு சாட்சியானது. அதில் நான் எழுதியிருந்த நாள் தவறு. தெரிந்தும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை... உங்களிடம்தான் முதலில்.

மழை பெய்த நாள், வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், இறப்பு, திருமணம் என எதுவானாலும் எங்கள் ஊரான நெரவியில் என்னிடம்தான் கேட்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் தெருக்கோடி வீட்டில் வயதான தம்பதியும் பேத்தியும் கொல்லப்பட்டபோது போலீசாரும் கேட்டார்கள். நோட்டைப் புரட்டிக் காட்டினேன். "செவ்வாய். காரைக்கால்மேட்டில் மீன் வாங்கித் திரும்புகையில், கோடி வீட்டு வாசலில் செல்வம்."

செல்வம் அங்கே கொத்து வேலை பார்த்தவன். தான் வந்தது திங்கட்கிழமை என்றான். யார் நம்புவார்கள்?

"அன்றன்றே எழுதிவிடுவீர்களா?" என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். ஆம் என்றேன்.

பொய்! மீன் வாங்கி வந்தவன் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அந்த வாரக் குறிப்பு முழுவதையும் வெள்ளிக்கிழமைதான் எழுதினேன். அதற்குள் கொலைச் செய்தி என் காதில் விழுந்திருந்தது.

தீர்ப்பு நாளில் எழுதினேன்: "உயிருக்கு உயிர். நியாயம்."

பிறகொரு நாள், மீனவ கிராமமான காரைக்கால்மேட்டின் ஊர்த்தலைவர் இறந்த நாளைக் குறித்துக்கொள்வதற்காக, எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அம்மாளிடம் கேட்டேன்.

"ஒங்க ஊருல கொலை நடந்துச்சே, அந்தச் செவ்வாக்கிழமதாங்க சார். விடியறப்பவே போயிட்டாரு. ஒரு படகு எறங்கல."

"அன்றைக்கு நான் மீன் வாங்கினேனே!"

"சாவு விழுந்த அன்னிக்கு எங்கூருல மீன் ஏலம் ஏது? வானத்துலேருந்தா புடிச்சீங்க?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

அப்படியானால் நான் மீன் வாங்கியதும் செல்வத்தைப் பார்த்ததும் திங்கட்கிழமை... கொன்றவன் செல்வம் இல்லையா? அதுவும் எனக்குத் தெரியாது. அந்தத் 'தெரியாது' என்பதைத்தான் நான் மறைத்தேன். கிழமையைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாத ஒருவனை நம்பி இன்னொருவன் கழுத்தில் கயிறு மாட்டலாமா? எத்தனையோ படித்திருக்கிறேன். இந்தக் கேள்வி அதுவரை எனக்கு வந்ததில்லை.

மேல்முறையீடுகள் தோற்றன. போன மாதம் செல்வத்தின் தங்கை வந்தாள். கருணை மனு எழுத வேண்டுமாம். "நீங்க நல்லா எழுதுவீங்கல்ல, சார்."

எழுதினேன். நோயாளித் தாய், சிறையில் அவனுடைய நன்னடத்தை என எல்லாம் எழுதினேன். என் குறிப்பில் நாள் தவறு என்ற அந்த ஒரு வரியைத் தவிர! நியாயம் கேட்க வேண்டிய இடத்தில் கருணை கேட்டேன்.

அவள் தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணனுக்கு ஒங்க மேல கோவமே இல்லீங்க சார். 'சாரு தப்பா எழுத மாட்டாரு, எனக்குத்தான் நாளு மறந்துபோச்சு போல'ன்னு சொல்லுது."

நான் தலையாட்டினேன்.