தேவசகாயத்தோட பட்டறையும் என் பாலிசியும்

உயிரோட இருக்கிறவங்ககிட்டப் போய், சாவைப் பத்திப் பேசிக் கையெழுத்து வாங்கறதுதான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தொழில். என்னைக் கண்டதும் கொல்லைப்பக்கமா ஓடினவங்களை, அவங்கவங்க குரல்லயே பேசிக் காட்டுவேன்னுதானே நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்திருக்கீங்க? அவங்களை விடுங்க. சுதந்திரம் வந்த புதுசுல, மைசூர்ல மண்டி மொஹல்லாங்கற பேட்டையில, ஓடாம நின்ன ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். பையத் தூக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கினவங்க யாராவது இங்க இருந்தா, கேட்டு முடிச்சிட்டுத் திட்டுங்க.

ரோசம்மா கேட்டது

சாவுங்கற வார்த்தை எங்க வாயில வராது. "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா..."ன்னு இழுத்து, தொண்டையக் கனைச்சு, கூரையப் பார்ப்போம். தேவசகாயம் வீட்டுலயும் அப்படித்தான் இழுத்தேன். மேஜை நாற்காலி செய்யற ஃபேக்டரில அவர் மேஸ்திரி. ஈட்டி மரத்துல கொடியும் பூவும் பதிச்சார்னா தொட்டுப் பார்த்தாத்தான் மரம்னு நம்புவோம். வேலைய விட்டுட்டு சொந்தமாப் பட்டறை போடணும்னு ஆசை. வீட்டுல மூணு பொண்ணுங்க.

அவர் சம்சாரம் ரோசம்மா, முறத்துல கல்லுப் பொறுக்கிட்டே தலையத் தூக்காமக் கேட்டாங்க: "ஏதாவது ஒண்ணுன்னா என்னங்க? இவர் செத்துப்போனா எம் புள்ளைங்க சாப்பிடுமா சாப்பிடாதா, அதச் சொல்லுங்க."

பைபிளுக்குள்ள ஒரு லெட்டர்

ஃபாரத்துல தொழில்னு வர்ற இடத்துல, "சொந்தப் பட்டறைன்னு எழுதுங்க சார்"னார் தேவசகாயம். ராஜினாமா லெட்டர் எழுதி ஆறு மாசமா பைபிளுக்குள்ள கிடந்திருக்கு. குடுக்க விடாதது ரோசம்மாதான். பயந்த பொம்பளைன்னு நெனச்சேன். அது என் மூஞ்சில தெரிஞ்சிடுச்சு போல, ரோசம்மாவே சொன்னாங்க:

"பாலிசி கைக்கு வரட்டும் சார், அன்னிக்கே இந்த லெட்டர நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். காலம்பூரா இவர் இன்னொருத்தன் சொல்ற நாற்காலியவே செஞ்சிட்டிருந்தா எனக்கு மட்டும் சந்தோஷமா?"

டாக்டர்கிட்ட

மிச்சம் இருந்தது டாக்டர் பரிசோதனை. போற வழியில தேவசகாயம் மெதுவாச் சொன்னார்: "மரத்தூள்ல கொஞ்சம் இருமல் சார். வீட்டுல தெரியாது." மறைச்சது பின்னால வெளிய வந்தா கம்பெனி காலணா தராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அதிமதுரம் வாங்கி வாயில அடக்கிக்கச் சொன்னேன். "ம்ம்... மூச்ச இழுங்க... விடுங்க"ன்னு டாக்டர் குரல்லயே பேசிப் பழக்கினேன். அவர் சிரிச்சார். பின்னாடி வந்த ரோசம்மா, எதுக்குன்னு தெரியாமலே சிரிச்சாங்க.

பரிசோதனையில ஒரு செருமல்கூட வரல. டாக்டர் கையெழுத்துப் போடப் பேனாவத் திறந்தார். ரோசம்மா கண்ண மூடி நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டாங்க. அப்போ, கால்ல கட்டோட பெஞ்சில காத்திருந்த ஃபேக்டரி வாட்ச்மேன், நல்ல மனசோட, கன்னடம் கலந்து சத்தமாவே விசாரிச்சார்: "ஏன்ரீ மேஸ்திரி, ரத்தம் ரத்தமாத் துப்பினீங்களே, அதக் காட்ட இப்பத்தான் வந்தீங்களா?"

அந்த மனுஷன் மட்டும் வாய மூடிட்டிருந்தா, மூணு பொண்ணுங்களுக்கு இதுதான் சோறுன்னு ஒரு வெத்துக் காகிதத்த வித்துட்டு, நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பேன்.