புகை அடங்கிய கரி

பெருநாளுக்கு மறுநாள் வெள்ளிமலையில் அறை எடுத்துத் தங்கினோம். கோழி சுட, அடியில் துளையிட்ட எண்ணெய் டின்னில் கரியை நிரப்பி, கீழே காகிதம் கொளுத்தினார் என் கணவர். கரி சிவந்து புகை அடங்கியதும் அடுப்பில் கொட்டினார். அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அடுப்பை அறைக்குள் தூக்கிவந்து கதவைச் சாத்தினார்.

“உள்ள வேணாங்க” என்றேன்.

“புகையே இல்லியே, இன்னா ஆயிடும்?”

எனக்கும் சரியென்றே பட்டது. கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது, குமட்டியது. மலைப்பாதை வளைவுகளில் வந்ததால் என்று நினைத்துக்கொண்டேன். சின்ன மகள் சாப்பாட்டுத் தட்டின்மேல் சரிந்தபோதுதான் பதறி, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். மழை முகத்தில் பட்டதும் வீறிட்டு அழுதாள்.

கனன்ற கரி புகையில்லாமலே விஷவாயு விடும் என்றார் டாக்டர். இப்போதும் கோழி சுடுகிறோம். மழை வந்தால் நாங்கள் மட்டும் உள்ளே வருகிறோம்; கோழி நனையட்டும்.