முத்தாபுதுப்பேட்டையில் சேம்பருக்குப் பட்டை போட்ட கதை

காலை 7.40. முகப்பேர் மேற்கிலிருந்து ஜீப்பைக் கிளப்பினேன். பக்கத்து இருக்கையில் என் கணவர் பிரபு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. என் ஜீப்புக்கு வேறொரு வண்டியின் டீசல் என்ஜினை மாட்டியபோது, என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி முன் அச்சில் இடித்தது. மெக்கானிக்குகள் அதைச் சேம்பர் என்பார்கள். அதை வெட்டிக் குறுக்கி வெல்டிங் வைத்தார்கள். அன்று பிடித்த ஒழுகல் எட்டு மாதமாக நிற்கவில்லை. பார்க்கிங் தரையெல்லாம் கறை. பிரபு பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்று மாலை ஆறு மணிக்கு வண்டி வாங்க ஒருவரை வரச் சொல்லிவிட்டார்.

"அவர் வர்றப்போ ஒரு சொட்டு விழுந்தாலும் சாவியைக் கொடுத்துடணும்" என்றார்.

ரோஷத்தில் ஒத்துக்கொண்டேன். உள்ளுக்குள் பயம்தான். எனக்கு இந்த ஜீப் அவ்வளவு பிடிக்கும்.

8.55. அம்பத்தூர் தாண்டி, திருமுல்லைவாயிலில் இட்லி, வடை, இரண்டு காபி (130 ரூபாய்). பிரபு வடையோடு மட்டும் பேசினார். ஆவடியைக் கடந்து முத்தாபுதுப்பேட்டை. மீட்டர்படி பதினாறு கிலோமீட்டர். வெல்டர் தனசேகர் பட்டறைக்குப் பின்னாலேயே அவர் குடும்பத்துக் கீரைப் பாத்தி. தண்ணீர் பாய்ச்சிவிட்டு, காலில் சேறோடு வந்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

"இன்னா யக்கா, இம்மாம் பேஸ்ட்ட அப்பி வச்சிகிறீங்க?"

"ஒழுகல் எப்படியாவது நிக்கட்டும்னுதான்."

"பேஸ்ட்டு ஒட்டும். ஓட்ட எங்க கீதுன்னு அதுக்கு இன்னா தெரியும்?"

10.15. சேம்பரைக் கழற்றிக் கழுவித் துடைத்து இரண்டு செங்கல் மேல் ஏற்றினார். பிறகு அலமாரியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, தண்ணீரில் குழைத்து, வெல்டிங் தழும்பு நெடுக மூன்று விரலால் பட்டை இழுத்தார். பிரபு சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். நானும் கழற்றினேன். புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்கள்தானே நாங்கள்.

"சார், செருப்ப மாட்டிக்கங்க. கீழ இரும்புத் தூளு கீது" என்றார் தனசேகர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இது சாமிக்கு இல்ல. உள்ள மண்ணெண்ண ஊத்துவேன். ஓட்ட கீற எடத்துல திருநீறு ஈரமாவும். சாக்பீஸ்லயும் பாக்கலாம், இது நல்லா நைசா கீது."

பிரபுவுக்குக் காது சிவந்துவிட்டது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

10.50. காய்ந்த வெள்ளைப் பட்டையில் இரண்டு இடம் கறுத்தது. தனசேகர் ஆணியால் குறி வைத்தார். அவமானத்தை மறக்கவோ என்னவோ, பிரபு தரையில் ஒருக்களித்துப் படுத்து செல்போன் விளக்கை அடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க மூணாவது ஒண்ணு இருக்கு" என்றார்.

ஆயில் வடிக்கும் போல்ட்டுக்குப் பின்னால் கடுகளவு ஈரம். தனசேகர் குனிந்து பார்த்தார்.

"ஆமா சார். இத்த நான் உட்டுருப்பேன்."

சம்பளம் உயர்ந்த அன்றுகூடப் பிரபு முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை.

11.30. முன்பு யாரோ ஆயில் படிந்த தகட்டின் மேலேயே வெல்டிங் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் உள்ளே ஊசித் துளைகள். தனசேகர் மண்ணெண்ணெயைக் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, பழைய வெல்டிங்கை ராவி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். சூட்டில் கோணியிருந்த விளிம்பைத் தடித்த கண்ணாடி மேல் வைத்துப் பார்த்துத் தட்டி நிமிர்த்தினார். மறுபடி பட்டை, மறுபடி மண்ணெண்ணெய். இம்முறை திருநீறு வெள்ளையாகவே நின்றது. விளக்குப் பிடித்தவர் பிரபு. யாரும் அவரைக் கேட்கவில்லை.

மாலை 4.10. சேம்பரை மாட்டி, புது ஆயில் ஊற்றி, அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். கூலி 1,800 ரூபாய். கூடவே ஒரு கட்டு முளைக்கீரை சும்மா. எங்கள் அடுக்ககத்தில் ஒழுகலுக்கு இதுவரை கிடைத்த ஒரே மருத்துவம் அசோசியேஷன் கடிதம்தான்.

6.00. எங்கள் பார்க்கிங்கில், வாங்க வந்தவர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"பழைய ஜீப்புல ஒரு சொட்டுகூட இல்லையே. என்ஜின்ல ஆயில் இருக்கா சார்?"

பிரபு அளவுக் கம்பியை உருவி, தன் கைக்குட்டையிலேயே துடைத்து, மறுபடி விட்டெடுத்துக் காட்டினார். பிறகு அவரையும் இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். "இதோ, இங்கதான் ஒரு ஓட்டை இருந்துச்சு. வெல்டருக்கே தெரியல. நான்தான் கண்டுபிடிச்சேன்."

வெளியே வந்த மனிதர் முழங்காலைத் தட்டிக்கொண்டே, "சரி, கடைசி விலை சொல்லுங்க" என்றார்.

பிரபு என் பக்கம் திரும்பவே இல்லை.

"வண்டி குடுக்குறதா இல்லைங்க. நாளைக்கு இதுல நாங்க பழவேற்காடு போறோம்" என்றார்.

அந்தப் பயணம் எனக்கே அப்போதுதான் தெரியும்.