காசிமேட்டுக் கொடுவா

எம்.எல்.ஏ. ஹாஸ்டல் வராந்தாவில் காலையிலிருந்து நிற்கவைத்தார்கள். அந்தக் கோபம் என்றைக்கோ ஆறிவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சிரித்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

விஷயம் ரொம்பச் சின்னது. எண்ணூரில் ஆறு கடலோடு சேரும் பக்கம் நாங்கள் தூண்டில் போடும் கரை ஒன்று உண்டு. நாங்கள் என்றால் படகு இல்லாதவர்கள். தங்கூஸ் நரம்பு, முள், ஒரு வாளி, அவ்வளவுதான் எங்கள் சொத்து. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். மற்ற நாளெல்லாம் தண்டையார்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருப்பேன். என் தோஸ்துக்கு அதுதான் பிழைப்பு. அவன் பிடிப்பதை அவன் மனைவி திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்றால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால் கரைக்குப் போகும் வழியில் கம்பி வேலி, இரும்பு கேட், பூட்டு. பக்கத்தில் குடோன் கட்டும் கம்பெனி போட்டது. கரை அரசாங்கத்துடையதுதான், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, வழி மட்டும் எங்களுடையது என்றான் அங்கிருந்த சூப்பர்வைசர். தண்ணீர் எல்லாருக்கும் பொது, குழாய் மட்டும் என் வீட்டுக்குள் இருக்கிறது என்பது போல. வேலிக்கு இந்தப் பக்கம் பாலத்தடியில் தூண்டில் போட்டால் பிளாஸ்டிக் கவரும் சுண்டுவிரல் நீளக் கெளுத்தியும்தான் மாட்டும். என் தோஸ்து அதையும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தான். வேறு என்ன செய்வான்?

ஆபீஸ் ஆபீசாக அலைந்தோம். படகு இருக்கிறதா, சங்கத்து அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவர்கள் கண்ணுக்குப் படகு வைத்திருப்பவன் மீனவன், தூண்டிலோடு கரையில் நிற்பவன் பொழுது போகாதவன். கடைசியில் யாரோ ஒரு வழி சொன்னார்கள். கடற்கரைப் பிரச்சினைகளைப் பார்க்கிற சட்டமன்றக் கமிட்டியில் ஓர் எம்.எல்.ஏ. இருக்கிறார், கடலே இல்லாத ஊர்க்காரர், நம் பக்கத்து அரசியல் எதுவும் அவருக்குக் கிடையாது, அவர் சபையில் ஒரு வார்த்தை பேசினால் கேட் திறந்துவிடும் என்று. நம்பினோம்.

போகிற அன்று காலை என் தோஸ்து பஸ் ஸ்டாப்பில் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு நின்றான். மூடியைத் திறந்தால் ஐசுக்கு நடுவில் இரண்டு கொடுவா மீன், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடியும் முன்பே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், படகுக்காரர்களிடம் வாங்கி வந்திருக்கிறான்.

"மாமு, நாம இன்னா பொண்ணு கேக்கவா போறோம்?" என்றேன்.

"பெரிய மனுசனப் பாக்கப் போறோம். ஆத்துல மீன் புடிக்கிறவன் வெறுங்கைய வீசிகினு போனா நல்லாவா கீது?"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். டாக்டரானாலும் ஹெட்மாஸ்டரானாலும், ஒரு உதவி கேட்டுப் போகிறவன் தான் பிடித்த மீனைக் கொண்டுபோவான். அது லஞ்சம் இல்லை, மரியாதை. கொடுக்கிறவன் தான் பிடித்தது என்று சொல்ல மாட்டான். வாங்குகிறவருக்கே அது தெரியும். இவனிடம் கொடுக்கப் பிடித்த மீன் இல்லை. அதனால் வாங்கினான். அந்த வயிற்றெரிச்சல் எனக்குப் புரிந்தது.

எம்.எல்.ஏ. நாங்கள் எழுதிக்கொண்டுபோன மனுவின் முதல் வரியைப் படித்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். அதன்பின் மனு பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிச் சுற்றியிருந்தவர்களுக்குக் காட்டினார்.

"வேலி போட்டும் இவ்வளவு பெரிய மீன் கிடைக்குதே. அப்புறம் என்னய்யா குறை உங்களுக்கு?"

நான் என் தோஸ்தைப் பார்த்தேன். அவன் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். வாங்கிய மீன் என்று சொல்வதை விட அவன் அங்கேயே செத்துப்போவான். எனக்குப் பொறுக்கவில்லை, போட்டு உடைத்துவிட்டேன். இது காசிமேட்டு மீன், எங்கள் கரையில் இது கிடைத்தால் நாங்கள் ஏன் உங்கள் வாசலில் நிற்கிறோம் என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. சிரித்தார்.

"மீனே பிடிக்காதவங்களுக்குக் கரை எதுக்குய்யா?"

அறையே சிரித்தது. அவருடைய உதவியாளர் மனுவை ஒரு கட்டின் மேல் போட்டுவிட்டுப் பெட்டியை உள்ளே எடுத்துப்போனார். பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் எழுந்து வந்தோம்.

படியிறங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மீன் இருந்தால் குறை இல்லையாம், மீன் இல்லாவிட்டால் கரை தேவையில்லையாம். எப்படிப் போனாலும் பூட்டு பூட்டாகவே இருக்கும். இதற்கு ஒரு சட்டமன்றம், அதற்கு ஒரு கமிட்டி, அதில் இப்படி ஒரு மனுஷர். இதைத்தான் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்தேன். பக்கத்தில் பார்த்தால் என் தோஸ்து இல்லை. திரும்பிப் படியேறிக்கொண்டிருந்தான்.

மானத்தை வாங்கிவிட்டேன் என்று என் மேல்தான் கோபம் என்று நினைத்துப் பின்னால் ஓடினேன். அவன் என்னைக் கண்டுகொள்ளவில்லை. நேராக உதவியாளர் முன்னால் போய் நின்று பெட்டியைத் திருப்பிக் கேட்டான். கொடுத்த மீனைத் திருப்பிக் கேட்கிறவன் எங்கள் பக்கத்தில் பிறந்ததே இல்லை. அந்த ஆளுக்கு முதலில் புரியவே இல்லை. குழம்புக்குச் சொல்லியாகிவிட்டதே என்றார். இவன் நகரவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளே போய் எடுத்து வந்தார். இவன் மூடியைத் திறந்து, இரண்டு மீனும் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடினான்.

"அய்யாவாண்ட சொல்லு சார். இது எங்க ஆத்து மீனு இல்ல. எங்க ஆத்து மீனு துன்னணும்னா கேட்டத் தொறக்கச் சொல்லு."

சத்தமே போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் அவன் மனைவி அந்தக் கொடுவாக்களைப் பலகையில் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஆற்று மீனுக்காகவே வழக்கமாக அவளிடம் வரும் ஒரு பாய் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, ஆற்று மீனா என்று கேட்டார். அவள் பதில் சொல்லுமுன் என் தோஸ்து முந்திக்கொண்டான்.

"இல்ல பாய். காசிமேடு."

பாய் மீனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.